கல்லும் கம்பியும்

1940களின் பிற்பகுதியில், சீனத்திலிருந்து அமெரிக்கா வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சௌ வென்-சுங் என்னும் இளைஞர், தாம் இயற்றிய சில ஃபியூக்குகளை எடுத்துக்கொண்டு, அப்போது நியூயார்க்கில் வசித்துவந்த செக் தேசத்து இசையமைப்பாளர் பொஹுஸ்லாவ் மார்ட்டினூவைக் காணச் சென்றார். சீன மெட்டுக்களைக் கருப்பொருளாகக் கொண்டு, ஐரோப்பிய சாஸ்திரம் வகுத்துக் கொடுத்த இலக்கணத்துக்கு இம்மியும் பிசகாமல் கட்டப்பட்ட ஃபியூக்குகள் அவை. மார்ட்டினூ அவற்றைப் பியானோவின்மேல் வைத்து வாசிக்கத் தொடங்கினார், சில அடிகள் சென்றதும் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, எதிரே நின்றவரின் முகத்தை ஏறிட்டு நோக்கி, ஒரே ஒரு சொல்லைக் கேட்டார்: “ஏன்?”

அந்த இளைஞருக்குப் பதில் சொல்ல வரவில்லை.

கட்டடக் கலை பயில்வதற்காக யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்து, வந்த காரியத்தை விட்டுவிட்டு, கையில் பொருளுமின்றிச் சங்கீதத்தைத் தேடிப் புறப்பட்டவர் அவர். அப்படிப்பட்ட ஒருவரிடம் இதைவிடக் கடுமையான கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. இதைவிடக் கருணையான கேள்வியையும் கேட்டிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2019இல் தமது தொண்ணூற்றாறாம் வயதில் காலமாகும் வரையில், அவர் எழுதிய இசையும், எழுதிய கட்டுரைகளும், உருவாக்கிய மாணவர் பரம்பரையும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவர் சிறுகச் சிறுகச் சொல்லிவந்த விடையாகவே எனக்குத் தெரிகின்றன. சீனத்தின் பண்டைய ஒலி மரபுகளையும் ஐரோப்பாவின் ஆர்க்கெஸ்ட்ராவையும் ஓரிடத்தில் கூட்டிவைத்து இன்று உலகெங்கும் ஒலிக்கின்ற இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறவன் என்ற முறையில், ஒவ்வொரு புதிய படைப்பின் முன்னும் அந்தக் கேள்வியைத்தான் நானும் வைத்துப் பார்க்கிறேன்.

ஃபியூக் என்பது ஒரு குரல் சொன்னதை மற்றொரு குரல் வேறொரு ஸ்தாயியில் ஏற்றுச் சொல்லியபடி தொடர, மூன்றாவதும் நான்காவதும் வந்து சேர்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பிச் செல்லும் ஒரு கட்டுமானம். செங்கல் ஒவ்வொன்றும் ஒரே அளவாகவும் விளிம்பு கூராகவும் இருந்தால்தான் சுவர் நேராக எழும் என்பதுபோல, அங்கே ஒவ்வொரு ஸ்வரமும் தன் எல்லைக்குள் அசையாமல் நின்றாக வேண்டும். சீனத்தின் மிகப் பழைய தந்தி வாத்தியமான குச்சினில் பிறக்கும் ஸ்வரத்தின் இயல்போ முற்றிலும் வேறு. ஏழு தந்திகளும், விரல் வைக்கும் இடங்களைச் சுட்டப் பதித்த பதின்மூன்று சிப்பிப் புள்ளிகளும் கொண்ட அந்த வாத்தியத்தில், வலக்கை ஒருமுறை மீட்டியபின் இடக்கை விரல் தந்தியின்மீது நகர்ந்தும், நடுங்கியும், ஏறியும், இறங்கியும் அந்த ஒரே ஸ்வரத்தை ஈரத்தாளில் விழுந்த மைத்துளிபோல் விரியச் செய்கிறது. மீட்டின நாதம் காதுக்கு எட்டாமல் அடங்கிப்போன பிறகும் விரல் தன் பயணத்தை நிறுத்துவதில்லை. பட்டுத்தந்தியின்மேல் தோல் உராயும் மெல்லிய ஓசை மட்டும் கேட்க, மறைந்த ஸ்வரத்தை ரசிகன் தன் மனத்தாலேயே கேட்டு முடிக்கிறான். கமகத்தைத் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்த நம் செவிக்கு இது விளக்கம் வேண்டாத விஷயம்; வீணையில் ஒரே ஒரு காந்தாரம் எத்தனை உயிர்ப்போடு அசைகிறது என்பதை அறிந்தவன், அந்தக் காந்தாரத்தைச் செங்கல்லாக்கிச் சுவரில் வைத்துப் பூசச் சொன்னால் எவ்வளவு துணுக்குறுவானோ, அதே துணுக்குறல்தான் மார்ட்டினூவின் ஒற்றைச் சொல்லிலும் இருந்தது.

குச்சினுக்குப் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் குறியீட்டு முறை எந்தத் தந்தியை, எந்த இடத்தில், எந்த விரலால், எவ்விதமாகத் தொட வேண்டும் என்பதை நுணுக்கமாகச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. பழைய ஏடொன்றை வாசிப்பவன் அந்தக் காலப் பிரமாணத்தைக் குருவின் கையிலிருந்தோ, தன் சொந்த மூச்சிலிருந்தோ தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்; ஒரே உருப்படியை மீட்டெடுப்பதற்கு மாதங்களும் ஆண்டுகளும் செலவிட்ட வித்வான்கள் உண்டு. அத்தகைய மகா வித்வான்களில் ஒருவரான குவான் பிங்ஹு வாசித்த ‘ஓடும் நீர்’ என்னும் உருப்படி, 1977இல் விண்வெளிக்கு ஏகிய வாயேஜர் கலங்களின் தங்கத் தகட்டில், கேசர்பாய் கேர்கரின் பைரவியோடு சேர்ந்து இன்றும் பயணம் செய்துகொண்டிருக்கிறது. சீன இசையிலிருந்து ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்று தகட்டைத் தொகுத்தவர்கள் கேட்டபோது, தயங்காமல் அதைச் சொன்னவரும் சௌ வென்-சுங்தான். இளமையில் விடையின்றி நின்றவர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குத் தெளிவடைந்திருந்தார்.

அந்தத் தெளிவுக்கு வழி திறந்துவிட்டவர் அவருடைய ஆசான் எட்கார் வரேஸ். ஒலியை உயிருள்ள பொருளாகவே கருதிய வரேஸின் சிந்தனையும், ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே ஓர் உலகம் அடங்கியிருக்கிறது என்ற குச்சின் மரபின் நம்பிக்கையும் தம் உள்ளத்தில் சந்தித்தபோது, கிழக்கின் மெட்டுக்கு மேற்கின் சட்டையைத் தைத்துப் போடும் வேலையைச் சௌ கைவிட்டார். அதன்பின் அவர் எழுதியவற்றில் ஆர்க்கெஸ்ட்ராவின் பித்தளைக் குழல்களும் தோற்கருவிகளும், தூரிகை அழுத்தியும் தளர்ந்தும் தாளின்மேல் செல்வதைப்போல, ஒரு நாதத்தைப் பிறப்பித்து, அதன் நிறத்தை மாற்றி, அடங்கவிடுவதிலேயே கருத்தாக இருக்கின்றன. முதல் முறை கேட்பவருக்கு அவை எளிதில் வசப்படுவதில்லை, எனக்கும் வசப்படவில்லை.

சீனத்துக்குள்ளேயோ, வேறொரு வழியாக இதே இடத்தை இருவர் எட்டியிருந்தனர். ஷாங்காய் இசைக் கல்லூரியின் மாணவர்களான ஹே சான்ஹாவும் சென் காங்கும் சேர்ந்து இயற்றி, 1959ஆம் ஆண்டு மே மாதம் யூ லினா என்ற பதினெட்டு வயதுப் பெண் முதன்முதலில் வாசித்த ‘பட்டாம்பூச்சிக் காதலர்’ என்னும் வயலின் கச்சேரிப் படைப்பைப் பண்டிதர்களிற் சிலர் இனிப்புப் பண்டம் என்று ஒதுக்கிவிடுவதை நான் அறிவேன். ஆண் வேடமிட்டுக் கல்வி கற்கச் சென்ற சூ யிங்தாயும், உடன் பயின்ற லியாங் ஷான்போவும் வாழ்வில் சேர முடியாமல் இறந்து, கல்லறையிலிருந்து பட்டாம்பூச்சிகளாகப் பறந்த கதையை அது சொல்கிறது. அதன் உருவ அமைப்பு ஐரோப்பிய சொனாட்டாவின் அமைப்பே. ஹார்மனியில் கடன் வாங்கிய அம்சங்கள் நிறைய உண்டு. ஆனால் வயலின் அதில் எப்படி அழுகிறது என்பதைச் சற்று நெருங்கிக் கேட்க வேண்டும். ஹே சான்ஹாவ், செஜியாங் மாகாணத்து யூவே இசை நாடகக் குழுவின் வாத்தியக்காரராக இருந்துவிட்டு வந்தவர். அந்த நாடகத்துப் பாடகியர் ஒரு சொல்லின் முடிவில் குரலை இழைத்து இறக்கும் விதத்தையும், எர்ஹு வாத்தியத்தில் விரல் வழுக்கிச் செல்லும் பாணியையும் வயலினின் நான்கு தந்திகளுக்குப் புகட்டியவர். எர்ஹுவுக்கு இரண்டே தந்திகள். அவற்றுக்கு அடியில் விரல் ஊன்றும் பலகை கிடையாது. ஆகாயத்தில் நிற்கும் தந்தியை விரல் தொட்டு அழுத்தும் அழுத்தத்திலேயே ஸ்வரம் வளைகிறது. பலகைமேல் பயின்ற ஐரோப்பிய வயலினின் விரல், பலகையில்லாத அந்த வெளியை நினைத்துக்கொண்டு வழுக்கும்போது பிறக்கும் அந்தச் சில கணங்களுக்காக அந்தப் படைப்பின் மற்றக் குறைகளையெல்லாம் நான் மறந்துவிடத் தயார். செல்லோவும் வயலினும் மாறிமாறிப் பேசும் பிரிவுக் காட்சியைக் கேட்கும்போது இலக்கண விசாரம் எதுவும் எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

கலாசாரப் புரட்சி அதையும் தடை செய்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட பெரும் ஆர்க்கெஸ்ட்ரா இசையில், ஷியான் ஷிங்ஹாய் 1939இல் எழுதிய பாடல் தொகுதியிலிருந்து ஒரு குழுவினர் உருவாக்கிய ‘மஞ்சள் நதி’ பியானோ கச்சேரிப் படைப்பைப் பற்றி, அதன் வேகத்தையும் முழக்கத்தையும் ஒப்புக்கொள்வதற்கு மேல் எனக்குச் சொல்ல ஏதுமில்லை.

பிறகு வந்தது 1978. அந்த ஓர் ஆண்டில் நிகழ்ந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, காலம் தானே ஒரு சாஹித்தியம் இயற்றியதோ என்று வியக்கத் தோன்றுகிறது. ஹூபெய் மாகாணத்தின் சுய்சௌவில், செங் நாட்டுப் பிரபு யீயின் கல்லறையைத் திறந்தவர்கள், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக இருளில் தொங்கிக்கொண்டிருந்த அறுபத்தைந்து வெண்கல மணிகளைக் கண்டார்கள். அவற்றின் வாய் வட்டமாக இராமல் வாதுமைக் கொட்டையின் குறுக்குவெட்டுப்போல் இருப்பதால், நடுவில் தட்டினால் ஒரு ஸ்வரமும் பக்கத்தில் தட்டினால் மற்றொரு ஸ்வரமுமாக ஒவ்வொரு மணியும் இரண்டு குரல் உடையது. எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்பது மணியின்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று அவற்றைத் தட்டி வாசித்தபோது முதலில் எழுந்தது ‘கிழக்கு சிவந்தது’ என்ற அந்நாளைய அரசியல் பாட்டு. அத்தனை நூற்றாண்டுகளின் மௌனம் கலைந்ததும் அந்த வெண்கலம் அன்றைய ஊரின் பாட்டையே பாடியது என்பதில் எனக்கு வருத்தமும் இல்லை, வியப்பும் இல்லை. மணி தட்டுபவனின் கைக்குரியது.

அதே ஆண்டில் பெய்ஜிங்கின் மத்திய இசைக் கல்லூரிக்குள், புரட்சிக் காலத்துக்குப் பிந்திய முதல் மாணவர் கூட்டம் நுழைந்தது. அவர்களில் சென் யீ என்ற பெண், குவாங்சௌவில் அண்டை வீட்டாருக்குக் கேட்காமலிருக்க வயலினுக்கு ஒலியடக்கி பொருத்திச் சாதகம் செய்தவர். பின்னர் கிராமத்துக்கு அனுப்பப்பட்டுக் கல்லும் மண்ணும் சுமந்தவர். மக்களின் நடுவே அந்த நாட்களைக் கழித்திராவிட்டால் தம் மண்ணின் இசையைத் தாம் அறிந்தேயிருக்க முடியாது என்ற கருத்தை அவர் கசப்பில்லாமல் சொல்லிவந்திருக்கிறார். தான் துன் என்ற இளைஞர், ஹூனான் மாகாணத்தின் கிராமமொன்றில், பேயோட்டும் பூசாரிகள் கல்லையும் நீரையும் கொண்டு சாவுச் சடங்கு செய்வதைப் பார்த்து வளர்ந்து, நெல் வயலில் வேலை செய்து, படகு விபத்தில் வாத்தியக்காரர்களை இழந்த ஒரு பீக்கிங் நாடகக் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டதால் அதில் சேர்ந்து, அங்கிருந்து கல்லூரிக்கு வந்தவர். இவர்களும் சௌ லோங், குவோ வென்ஜிங், சென் சிகாங் முதலிய இவர்களுடைய சகபாடிகளும் மொஸார்ட்டையும் பார்ட்டோக்கையும் ஒருசேரப் பசியோடு கற்றார்கள். சென் சிகாங் பாரிஸுக்குப் போய் இசையமைப்பாளர் மெஸியானின் கடைசி மாணவரானார்; வேறு சிலர் நியூயார்க்கில் சௌ வென்-சுங்கிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க–சீனக் கலைப் பரிவர்த்தனை மையத்தைச் சௌ தோற்றுவித்ததும் அதே 1978இல்தான்.

அவ்வாண்டின் கோடையில் நிகழ்ந்த மற்றொன்றை நான் வேறெதையும்விட அதிகமாக நினைத்திருக்கிறேன். சீன மண்ணிலேயே, ஷென்யாங்கில் பிறந்த ஜப்பானிய ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் செய்ஜி ஒஸாவா பெய்ஜிங்குக்கு வந்து, ‘இரண்டாம் ஊற்றில் தெரியும் நிலவு’ என்ற உருப்படியை, வூ சூசியாங் ஐரோப்பியத் தந்தி வாத்தியங்களுக்கு அமைத்துக் கொடுத்த வடிவத்தில் நடத்தினார். பிறகு இசைக் கல்லூரிக்குச் சென்றபோது, ஜியாங் ஜியான்ஹுவா என்ற மாணவி அதே உருப்படியை எர்ஹுவில் தனியாக வாசித்தாள். ஒஸாவா கண்ணீர் விட்டு அழுதார். இத்தகைய இசையை மண்டியிட்டுக் கேட்க வேண்டும் என்றும், இதை முன்பே கேட்டிருந்தால் அதை நடத்தத் தமக்குத் துணிவு வந்திராது என்றும் அவர் கூறியதாகச் சொல்வார்கள்.

அந்த உருப்படியை ஆக்கியவர் ஊஷி நகரத்துத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த அபிங் என்னும் கண்ணிழந்த கலைஞர். 1950ஆம் ஆண்டு யாங் யின்லியூ என்ற ஆராய்ச்சியாளர் அவரைத் தேடிச் சென்று, கம்பியில் ஒலியைப் பதிக்கும் பழைய இயந்திரம் ஒன்றில், எர்ஹுவில் மூன்றும் பீபா என்னும் தந்தி வாத்தியத்தில் மூன்றுமாக ஆறு உருப்படிகளைப் பதிவு செய்துகொண்டார். வாத்தியத்தைத் தொட்டு வெகுநாளாயிற்று, கை பழகிக்கொள்ளட்டும், பிறகு இன்னும் நன்றாக வாசிக்கிறேன் என்பதே அபிங்கின் எண்ணமாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். அவர் விரலிலும் நினைவிலும் இருந்த மற்றவையெல்லாம் அவரோடு போக, ஒரு மெல்லிய உருக்குக் கம்பி பிடித்துவைத்த ஆறு மட்டும் மிஞ்சின. நான் அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறேன். இரைச்சலுக்கு நடுவே, சற்றுக் கரகரத்த, அவசரமில்லாத வில்வீச்சு. துயரத்தைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், நடந்து பழகிய தெருவில் நடப்பதுபோல் செல்லும் இசை. அதற்குப் பின் கேட்கும்போது, ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தின் அழகிய தந்திகள் யாவும் சேர்ந்து அழுகிற அழுகை எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. இருபது வயலின்கள் ஒன்றாக வழுக்கும்போது வழுக்கல் இருக்கிறது, வழுக்கியவன் இல்லை.

அந்த இல்லாமையை என்ன செய்வது என்பதைத் தான் துன் கற்றுக்கொண்ட இடம் மேற்கு ஹூனானின் மலைகள். மாணவராக இருந்த காலத்தில், 1981இல், அவர் துஜியா மக்கள் வாழும் ஒரு கிராமத்துக்குச் சென்று, கல்லைக் கல்லால் தட்டி வாசிக்கும் முதியவர் ஒருவரைச் சந்தித்தார். காற்றோடும் இலையோடும் பறவையோடும் மறு உலகத்தோடும் பேசுபவர்போல் அவர் வாசித்தது இளைஞரின் மனத்தைவிட்டு அகலவில்லை. திரும்பி வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு போனவர், நியூயார்க்கும் புகழும் வேலைகளுமாகக் காலம் ஓடி, தொண்ணூறுகளின் இறுதியில் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த ஊருக்கு வந்தார். முதியவர் இறந்துவிட்டிருந்தார்; அவரோடு அந்தக் கல்லின் இசையும் போயிருந்தது.

தண்ணீரை வாத்தியமாக்கி அவர் 1998இல் எழுதியதையும், காகிதத்தை வாத்தியமாக்கி எழுதியதையும், ஹாங்காங் சீனத்தோடு சேர்ந்த 1997ஆம் ஆண்டு விழாவுக்காகப் பிரபு யீயின் மணிகளையும் யோ-யோ மாவின் செல்லோவையும் குழந்தைகளின் குரலையும் கூட்டி எழுதியதையும் கேட்டு, அவற்றில் காட்சியின் கவர்ச்சி சங்கீதத்தை மிஞ்சிவிடுகிறதோ என்று நான் ஐயுற்றதுண்டு. செல்லோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் திரையில் ஓடும் படக்காட்சிக்குமாக அவர் எழுதி, 2003 பிப்ரவரியில் யோ-யோ மாவும் பாஸ்டன் ஸிம்பொனியும் முதன்முறை வாசித்த ‘வரைபடம்’ என்ற படைப்பு அந்த ஐயத்தைத் தீர்த்தது. முதியவரைத் தேடிப் போய்க் காணாமல் திரும்பியவர், அந்த மலைகளில் இன்னும் இருப்பவர்களைத் தேடிப் படம்பிடித்தார்: இலையை உதட்டில் வைத்து ஊதுபவர், தாளக் கருவிகளைக் கொட்டுபவர்கள், இறந்தவருக்காக அழுது பாடும் பெண், நாவைச் சுழற்றிப் பாடும் பெண்கள். திரையில் அவர்கள் வாசிக்க, மேடையில் ஆர்க்கெஸ்ட்ரா அவர்களோடு சேர்ந்தும், அவர்களுக்கு வழிவிட்டும் செல்கிறது. அங்கே ஆர்க்கெஸ்ட்ரா எசமானன் அன்று, பக்கவாத்தியமும் அன்று. படக்காட்சியில் இருப்பவர் தம் காலத்தை மாற்றிக்கொள்ள மாட்டார், ஆதலால் நூறு வாத்தியங்களும் அவருடைய மூச்சுக்குக் காத்திருக்க நேர்கிறது. கால அளவு எழுதாத குச்சின் ஏட்டை வைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதைக் கேட்க முயலும் வித்வானின் நிலை அது.

நடுவில் ஒரு பகுதி, ‘பறக்கும் பாட்டு’. மியாவ் மக்களிடையே ஒரு மலையில் நிற்கும் பெண் பாட, எதிர் மலையில் நிற்கும் ஆண் பதில் பாடும் மரபைச் சேர்ந்தது அது. பள்ளத்தாக்கைத் தாண்டிச் செல்ல வேண்டிய குரலாதலால் கூர்மையாக எழுந்து, நீண்டு, கடைசியில் இறகு உதிர்வதுபோல் இறங்கும். திரையிலே அந்தப் பெண் ஓர் அடி பாடிவிட்டு நிறுத்துகிறாள். பதில் வர வேண்டிய அந்த இடைவெளியில் செல்லோ பாடுகிறது. அவள் பாடியது என்றோ, எங்கோ. செல்லோ பதில் சொல்வது இன்று, இங்கே. விரல் தந்தியில் ஊர்ந்து அவளுடைய குரலின் வளைவைத் தொட முயன்று, ஓரிடத்தில் தொட்டும் விடுகிறது. அவளோ அந்தப் பதிலைக் கேட்காமலே, கேட்டவள்போல் முகத்தை உயர்த்தி அடுத்த அடியைத் தொடங்குகிறாள். எத்தனை முறை கேட்டாலும் அந்தக் கணத்தில் நான் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குச் சற்றுப் பின்னால் வருவது கல் மேளம். ஆர்க்கெஸ்ட்ராவின் தாளக்காரர்கள் கையில் கல் எடுத்துக் கல்லோடு தட்டுகிறார்கள். அந்த முதியவர் வாசித்ததை எவரும் பதிவு செய்யவில்லையாதலால், அது ஒருவருடைய இருபதாண்டு நினைவிலிருந்து எழுதப்பட்ட இசை.

2003ஆம் ஆண்டு நவம்பரில் ‘வரைபடம்’ அது பிறந்த பிரதேசத்துக்கே எடுத்துச் செல்லப்பட்டது. நாவலாசிரியர் ஷென் சொங்வென் பிறந்த ஊரும், அவர் எழுத்தால் சீனமெங்கும் அறியப்பட்டதுமான ஃபெங்ஹுவாங்கில், தூவோ நதியின்மேல் அமைத்த மேடையில், ஆன்ஸி கார்ட்டுனென் என்ற ஃபின்லாந்துக்காரர் செல்லோ வாசிக்க, ஷாங்காய் ஸிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தான் துன் நடத்தினார். மலைக் கிராமத்து மக்கள் வந்து அமர்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் குரல் திரையிலிருந்து எழுந்து, தான் கடந்து பழகிய அதே மலைக்காற்றில், நீரின்மேல் சென்றது. அது நின்ற இடத்தில், பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வந்த ஒருவர் வில்லைத் தந்தியில் வைத்தார்.